முடக்கறுத்தான்: பொருநைக் கரையில் மூட்டுநோய் மருத்துவம்

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்தி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. தொலைவே ஓடும் ஆறாகும். சிறிய ஆறெனினும் இதன் கரையில் வாழும் மக்களின் உழைப்பு பெரிது. நாற்று நடும் மகளிர் சேற்றில் குனிந்தவாறே நாளைக் கழிக்கின்றனர். பத்தமடையில் கோரைப்பாய் முடைவோர் தரையில் அமர்ந்தே தொழில் செய்கின்றனர். மேலப்பாளையம், முக்கூடல், கடையம் முதலிய ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டை வைத்து, கால்களை மடக்கி, மணிக்கணக்கில் விரல்களை இயக்குகின்றனர். இவ்வுழைப்பாளருள் பலர் நடுவயதைக் கடக்கும்போது கூறும் முறையீடு ஒன்று உண்டு. அதுவே மூட்டு வலி.

இவ்வலிக்கு மருந்து சொல்லாதார் இல்லை. ஒருவர் எண்ணெய் என்பார். மற்றொருவர் கீரை என்பார். பிறிதொருவர் பெயரில்லாப் பொட்டலத்து மாத்திரை என்பார். ஆயின் மூட்டு வலி என்பது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவாக அமைந்த ஓர் அறிகுறியே ஆகும். எனவே மருந்தைத் தேடுமுன் நோயின் பெயரைத் தேடவேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நோய்களுக்கும் மூலிகைகளுக்கும் இட்ட பெயர்களைக் கொண்டும், இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாதம் என்னும் சொல்

வளி, அழல், ஐயம் என்பன தமிழ்ச் சொற்கள். இவையே வாதம், பித்தம், கபம் என வடசொற்களாலும் வழங்குகின்றன. திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றது. வளியை முதலில் வைத்து எண்ணும் மருத்துவ நூலோர் வழக்கத்தை வள்ளுவர் அங்கே சுட்டுகிறார். அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் ஒரு மருந்தின் பெயர்கூடக் கூறப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. உணவின் அளவும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும் முறையுமே அங்குப் பேசப்படுகின்றன.

உடலின் இயக்கம் அனைத்தும் வளியின் தொழில் என்பது சித்த மருத்துவக் கொள்கை. ஆகவே இயக்கம் தடைப்படும் நோய்கள் பலவும் வாதம் என்னும் பெயருள் அடங்கின. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. பேச்சு வழக்கிலும் இச்சொல் பரந்த பொருளுடையது. பக்கவாதம், இளம்பிள்ளை வாதம், முடக்குவாதம், கும்பவாதம் என நாம் கூறும் நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நோய்கள். முதலாவது மூளையின் குருதிக் குழாயைப் பற்றியது. இரண்டாவது போலியோ என்னும் நச்சுயிரியால் வருவது. மூன்றாவது மூட்டுகளின் அழற்சி. நான்காவது தோள்மூட்டின் இறுக்கம்.

பெயரில் உள்ள இவ்வொற்றுமை சிலவேளை உயிருக்கே இடராக முடிகிறது. திடீரென ஒரு கையும் காலும் தளர்ந்து வாய் கோணினால், 'வாதம் அடித்துவிட்டது' எனக் கூறி எண்ணெய் தேய்க்கத் தொடங்குவோர் இன்றும் உளர். அது பக்கவாதம். மூளையின் குழாயில் அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். தைலம் தேய்ப்பதில் அந்நேரம் கழிந்துவிட்டால் மீட்பு அரிதாகும். மூட்டு நோயின் மருத்துவத்தைப் பேசுமுன் மூட்டு நோயல்லாததைப் பிரித்தறிய வேண்டுவது இதனால்தான்.

கீல்வாயுவின் வகைகள்

கீல் என்பது மூட்டைக் குறிக்கும் சொல். மூட்டுகளைப் பற்றிய நோயைச் சித்தர்கள் கீல்வாயு என்றனர். மூன்று குற்றங்களும் தனித்தனியே நிற்பது, இரண்டிரண்டாகக் கூடுவது, மூன்றும் ஒருங்கே கூடுவது என்னும் அடிப்படையில் அதனைப் பத்து வகையாகப் பகுத்துக் கூறும் மரபும் உண்டு. எல்லா மூட்டு வலியும் ஒன்றே என அவர்கள் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

இன்றைய சித்த மருத்துவர் 'அழல் கீல்வாயு' எனக் குறிப்பிடுவது, ஆங்கில மருத்துவம் கூறும் மூட்டுத் தேய்மானத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. முழங்கால் எலும்புகளின் முனையில் உள்ள குருத்தெலும்பு காலப்போக்கில் சிதைவதால் இது வருகிறது. நடந்தால் வலி மிகும், ஓய்ந்தால் குறையும். காலையில் எழும்போது தோன்றும் இறுக்கம் பெரும்பாலும் அரைமணிக்குள் நீங்கும். முதுமை, உடற்பருமன், நெடுநேரம் குந்தியோ மண்டியிட்டோ செய்யும் தொழில் ஆகியன இதனை வளர்ப்பன.

'உதிரவாத சுரோணிதம்' என்பது முடக்குவாதத்திற்குச் சித்த நூல்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று. உதிரம், சுரோணிதம் ஆகிய இரண்டும் குருதியையே குறிப்பன. ஒரே பெயருள் குருதி இருமுறை பேசப்படுகிறது. இந்நோய் மூட்டளவில் நில்லாது உடல் முழுதும் பரவுவது என்னும் இன்றைய அறிவோடு இப்பெயர் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தன் மூட்டுகளைத் தாக்குவதால் இது தோன்றுகிறது. இரு கைகளின் விரல்மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்கும். காலையில் ஏற்படும் இறுக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு அல்லது மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. கவனியாது விட்டால் விரல்கள் கோணி நிரந்தரமாக முடங்கும். விரலையே முதலாகக் கொண்டு பீடி சுற்றியும் பாய் முடைந்தும் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு இது வலி மட்டுமன்று; வாழ்வாதாரத்தின் இழப்புமாகும்.

இவ்விரண்டேயன்றி வேறு சிலவும் உள. நள்ளிரவில் காற்பெருவிரல் சிவந்து வீங்கிப் போர்வை படினும் பொறுக்கவியலாத வலி தருவது, குருதியில் யூரிக் அமிலம் மிகுவதால் வரும் நோயாகும். தொண்டைப் புண் வந்து சில வாரங்களின் பின் சிறுவர்க்குக் காய்ச்சலோடு ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டிற்குத் தாவும் வலி, கீல்வாதக் காய்ச்சலின் அடையாளம். மூட்டு வலி தானே நீங்கிவிடும். ஆனால் இதயத்தின் வால்வுகளில் அது விட்டுச்செல்லும் ஊறு நீங்காது. பென்சிலின் ஊசியை முறையாகப் பல ஆண்டுகள் இட்டுவந்தால் அவ்வூறு வளராமல் தடுக்கலாம். சிறுவரின் மூட்டு வலியை 'வளர்ச்சி வலி' என ஒதுக்குதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

2006ஆம் ஆண்டு தமிழகத்தைப் பெரிதும் வருத்திய சிக்குன்குனியாவும் மூட்டுகளைப் பற்றிய நோயே. ஆப்பிரிக்காவின் மகொண்டே மக்களின் மொழியில், உடல் வளைந்து முடங்குதல் என்னும் பொருளில் அமைந்தது அப்பெயர். தான்சானியப் பகுதியில் 1952ஆம் ஆண்டு பரவியபோது அந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது. முடக்கு என்னும் கருத்தையே அம்மக்களும் நோய்க்குப் பெயராக இட்டமை, துன்பம் எங்கும் ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

மூலிகைகளின் பெயர்கள்

வேலிகளிலும் புதர்களிலும் படரும் முடக்கறுத்தான் கொடியை அறியாதார் இப்பகுதியில் இலர். முடக்கு, அறுத்தான் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே இப்பெயர். முடக்கத்தான் என மருவி வழங்குகிறது. முப்பட்டையாக உப்பிய காயும், கரிய விதையின்மேல் இதய வடிவில் அமைந்த வெண்புள்ளியும் இதனை இனங்காணத் துணை செய்வன. சங்க இலக்கியத்தில் மதில் முற்றுகையின்போது வீரர் சூடிய உழிஞை இக்கொடியே என அறிஞர் பலர் கொள்வர். இதன் இலையை மாவோடு அரைத்துத் தோசையாக வார்ப்பதும், ரசமாக வைப்பதும் இல்லங்களில் உள்ள வழக்கம். வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இதற்கு உண்டென விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் முடக்குவாதத்தை இது ஒன்றே மாற்றிவிடும் எனக் கூறுமளவிற்கு மனிதரிடம் செய்த ஆய்வுகள் வளரவில்லை. பெயர் அறுத்தான் என்பதால் நோய் அறுந்துவிடும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வாதநாராயணன் மற்றொரு புகழ்பெற்ற மரம். வாதமடக்கி எனவும் இதனைக் கூறுவர். ஆயின் தழுதாழை என்னும் செடிக்கும் வாதமடக்கி என்னும் பெயர் உண்டு. ஒரு பெயர் இரு நிலைத்திணைக்கு வழங்குவதால், பெயரை மட்டும் கேட்டு இலை பறித்தல் தவறாகும். மேலும் வாதநாராயணன் இலை மலத்தை இளக்கும் இயல்புடையது. முதியோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது இதனை உண்ணுதல் நன்றன்று.

நொச்சி, ஆமணக்கு, பிரண்டை, சுக்கு, சித்தரத்தை, அமுக்கரா ஆகியனவும் இம்மருத்துவத்தில் இடம்பெறுவன. பிரண்டையைத் துவையலாகச் செய்வோர் எண்ணெயில் வதக்கிப் புளி சேர்ப்பது, நாக்கில் தோன்றும் அரிப்பைப் போக்குவதற்காகும். இவையெல்லாம் உணவோடு ஒட்டியவை. எட்டியும் சேராங்கொட்டையும் அத்தகையன அல்ல. அவை கொடிய நச்சுத்தன்மை உடையவை; முறைப்படி தூய்மை செய்து, பட்டம் பெற்ற மருத்துவர் அளவறிந்து கொடுக்க வேண்டியவை. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

புறமருத்துவம்

சித்த மருத்துவம் அகமருந்து 32 எனவும் புறமருந்து 32 எனவும் வகுத்துள்ளது. ஒற்றடம், பற்று, வேது, தொக்கணம் முதலியன புறமருந்தைச் சார்ந்தவை. தொக்கணம் என்பது உடலைத் தட்டியும் பிடித்தும் அழுத்தியும் செய்யும் முறை. அதுவும் ஒன்பது வகைப்படும். நொச்சி இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் முழங்காலில் ஒற்றுவது எளிய முறை. தேய்மானத்தால் வரும் வலிக்கும் தசை இறுக்கத்திற்கும் சூடு இதம் தரும். ஆனால் மூட்டு ஏற்கெனவே சிவந்து கொதிக்குமாயின் அதன்மேல் சூடு வைப்பதும், அழுத்தித் தேய்ப்பதும், சொடுக்கெடுப்பதும் தீமையை மிகுவிக்கும்.

நோயைக் கண்டறியவும் சித்தர்கள் முறை வகுத்தனர். நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டினை அவர்கள் ஆராய்ந்தனர். சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் எனக் கொள்வது நெய்க்குறி எனப்படும். இம்முறை தேரையர் பெயரால் வழங்குகிறது. கடையம் அருகிலுள்ள தோரணமலையைத் தேரையரோடு இணைத்துக் கூறுவது இவ்வட்டார மரபு. இன்றைய குருதிச் சோதனை செய்யும் பணியை நெய்க்குறி செய்யும் என நாம் வாதிட வேண்டுவதில்லை. மருந்து கொடுக்குமுன் சோதித்தறிய வேண்டும் என்னும் நெறியே இங்குப் போற்றத்தக்கது.

யூனானி தந்த பாடம்

இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று யாகோபு எனப் பெயர் பெற்றார் என்பது சித்த மரபில் வழங்கும் செய்தி. அரபு நாட்டு மருத்துவமும் தமிழ் மருத்துவமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்னும் நினைவு அச்செய்தியில் பதிந்துள்ளது எனலாம். யூனானி மருத்துவர் மூட்டு வலியைப் பொதுவாக 'வஜவுல் மபாஸில்' என்றும், காற்பெருவிரலைப் பற்றும் வலியை 'நிக்ரிஸ்' என்றும் வேறுபடுத்தினர். இப்னு சீனா (980–1037) எழுதிய 'அல்கானூன்' என்னும் பெருநூல் பல நூற்றாண்டுகள் கிழக்கிலும் மேற்கிலும் பாடநூலாக விளங்கியது.

நிக்ரிஸ் நோய்க்கு அவர்கள் கையாண்ட மருந்து சூரிஞ்சான் என்னும் கிழங்கு. இவ்வகைக் கிழங்கைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லெஸ் நகரத்து அலெக்சாந்தர் என்னும் கிரேக்க மருத்துவர் இந்நோய்க்குக் கொடுத்துள்ளார். இனிப்புச் சூரிஞ்சானை உள்ளுக்கும், கசப்புச் சூரிஞ்சானைப் பூச்சுக்கும் கொள்ளுமாறு யூனானியர் பிரித்தனர். 1820ஆம் ஆண்டு பெல்லெத்தியே, காவெந்தூ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வினத் தாவரத்திலிருந்து கால்சிசின் தொடர்பான பொருளைப் பிரித்தெடுத்தனர். இன்றும் யூரிக் அமில மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளுள் கால்சிசினும் ஒன்று. அளவில் சிறிது மிகினும் அது உயிரைப் பறிக்கும். பழைய மருந்தொன்று இன்றளவும் நிலைத்தமைக்குக் காரணம், எந்த மூட்டு நோய்க்கு எவ்வளவு என்பது வரையறுக்கப்பட்டமையே ஆகும்.

புதிய மருத்துவத்தின் கொடை

முடக்குவாதத்திற்கு இன்று உலகெங்கும் முதன்மையாக வழங்கப்படுவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895–1948) தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் நடந்த ஆராய்ச்சியின் வழியே இம்மருந்து பிறந்தது. முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட இது, 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்திற்கும் ஏற்கப்பட்டது. வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டிய இதனை நாள்தோறும் உண்டால் பெருந்தீங்கு விளையும். குருதியையும் கல்லீரலையும் இடையிடையே சோதிக்க வேண்டும். நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் இத்தகைய மருந்தைத் தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் பெரும்பாலும் காக்கலாம். அம்மாதங்களை எண்ணெயிலும் பத்தியத்திலும் மட்டுமே கழித்துவிட்டால், அரிக்கப்பட்ட எலும்பை மீட்க எம்முறை மருத்துவத்திலும் வழியில்லை.

கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டின் கதையும் அறியத்தக்கது. படுக்கையில் கிடந்த முடக்குவாத நோயாளியை அது சில நாள்களில் எழுந்து நடக்கச் செய்ததை 1948இல் பிலிப் ஹென்ச் கண்டார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பின்னரே அதன் மறுபக்கம் தெரியவந்தது. மருத்துவரின் கண்காணிப்பின்றி நெடுநாள் உண்டால் முகம் உப்பும், சர்க்கரையும் குருதி அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு இடர். பெயரோ, அடங்கிய பொருளோ எழுதப்படாத பொட்டலத்தில் 'மூலிகை மாத்திரை' எனத் தரப்படுவது ஒரே நாளில் வலியை அறவே போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். இக்கலப்படம் சித்த மருத்துவத்தின் பெயரையும் கெடுப்பதாகும்.

நாம் செய்யத்தக்கவை

இப்பள்ளத்தாக்கு மருத்துவ வசதியில் வறியதன்று. 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையிலேயே அமைந்துள்ளன. இரு முறைகளையும் பகையெனக் கருதாது, முதலில் நோயின் பெயரை உறுதிசெய்து, பின் தக்க மருந்தை நாடுதல் அறிவுடைமை. இரு முறை மருந்துகளையும் ஒருசேர உண்போர் அதனை இருவர்க்கும் மறையாது கூற வேண்டும்.

விரல்மூட்டுகளின் வீக்கமும் நெடுநேரக் காலை இறுக்கமும் ஆறு வாரத்திற்கு மேல் நீடித்தால் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் உடன்வந்தால், சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேய்மான வலிக்குச் செலவில்லாத மருந்து இரண்டு உண்டு. ஒன்று எடைக் குறைப்பு. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வு கூறுகிறது. மற்றொன்று தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளும் இருவேளை செய்துவரலாம். தசை வலுப்பெற்றால் மூட்டின் பளு குறையும். வலிக்கு அஞ்சி முற்றிலும் நடவாதிருத்தல் தசையை மெலிவித்து வலியை வளர்க்கும்.

பீடி சுற்றுவோரும் பாய் முடைவோரும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடந்து, விரல்களை விரித்து மடக்கினால் நன்று. தொழுகையில் நிற்கவோ மண்டியிடவோ இயலாத பெரியோர், அமர்ந்து தொழ மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டுவதில்லை. வீட்டு முதியவர்க்கு உயரமான இருக்கையும், கழிவறையில் பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் அமைத்துத் தருவது பிள்ளைகளின் கடமையாகும்.

முடிவுரை

வளி என்றும், கீல்வாயு என்றும், உதிரவாத சுரோணிதம் என்றும், நிக்ரிஸ் என்றும் முன்னோர் வெவ்வேறு பெயரிட்டது சொல்லழகிற்காக அன்று. வெவ்வேறு நோய்க்கு வெவ்வேறு மருத்துவம் வேண்டும் என்பதற்காகவே. அப்பெயர்களையெல்லாம் மறந்து 'வாயு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டமையால் நாம் இழந்தது தமிழ்ச் சொல் மட்டுமன்று, நோயறியும் கண்ணுமாகும். தமிழ் பயிலும் மாணவர், தம் ஊரில் வழங்கும் நோய்ப் பெயர்களையும் மூலிகைப் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, எந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது எனச் சித்த மருத்துவரிடம் ஒப்புநோக்கி எழுதிவைத்தால், அது மொழிக்கும் மருத்துவத்திற்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும். அதற்கும் முன்பாக, விரல் வீங்கிய நிலையில் தட்டை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாயையோ தமக்கையையோ இவ்வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.